தொழுநோய்க் கிருமி வந்த வழி: நெல்லையில் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் பார்த்த வேலை வீடு வீடாகப் போய்த் தேமல் தேடுவது. சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி என்று சைக்கிளில் சுற்றி, பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி முதுகைப் பார்ப்பேன். தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வேன். காட்டத் தெரியவில்லை என்றால் அது வெறும் தேமல் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, தொழுநோய்க் கிருமியின் மரபணுவைப் படித்து அது மனிதர்களோடு எப்படி ஊர் ஊராகப் போனது என்று கண்டுபிடித்திருக்கும் ஆய்வுகளைப் பற்றி பாளையங்கோட்டைப் பக்கம் இரண்டு மூன்று இடங்களில் பேசினேன். பேசி முடித்ததும் வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நோயின் பெயரைச் சொல்லக்கூட வாய் கூசும் ஊரில் இத்தனை பேர் கேட்டதே பெரிய விஷயம்.

கிருமியைப் பார்த்து மனுஷன் போன வழியை எப்படிச் சொல்ல முடியும்?

ஏடு பெயர்த்து எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும். 'மலை' என்று இருந்ததை ஒருவர் 'மழை' என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரிடமும் 'மழை'தான் இருக்கும். அந்தப் பிழைகளை ஒப்பிட்டாலே எந்தப் படி எந்தப் படியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். உ.வே.சா. ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து, கிடைத்த படிகளை அடுக்கி வைத்துப் பாடபேதம் பார்த்தாரே, ஏறக்குறைய அதே வேலைதான்.

கிருமிக்கும் ஓர் ஏடு உண்டு. அதன் டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது. கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்த ஏடு முழுக்க ஒரு படி எடுக்கப்படுகிறது. அபூர்வமாக ஓர் எழுத்து மாறும். மாறியது அதன் சந்ததி முழுக்கத் தொடரும். பிரேசிலில் ஒரு நோயாளியிடமும் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நோயாளியிடமும் ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாறியிருந்தால், அவர்கள் இருவருடைய கிருமிக்கும் பாட்டன் ஒன்று. கிருமி தானாகக் கப்பல் ஏறாது, மனிதனின் உடம்பில்தான் போயிருக்க வேண்டும். ஆகவே கிருமியின் வழி மனிதனின் வழி.

அதற்கு ஏன் தொழுநோய்க் கிருமி? காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கிருமி எல்லாம் இருக்கிறதே?

இது மகா சோம்பேறிக் கிருமி, அதனால்தான். சாதாரணக் குடல் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும். தொழுநோய்க் கிருமிக்கு 12 முதல் 14 நாள் வேண்டும். ஒருவருக்குத் தொற்றினால் அடையாளம் தெரியவே சராசரியாக ஐந்து வருடம், சில பேருக்கு இருபது வருடம்கூட ஆகும். அதற்குள் மனிதன் ஊர் மாறி, கல்யாணம் முடித்து, கடல் தாண்டிப் போயிருப்பான். பேதி மாதிரி ஒரே வாரத்தில் ஊரைக் கலக்கிவிட்டு ஓடாமல், ஆளோடு ஆளாகக் குடியேறும் நோய் இது.

அடுத்தது, பல கிருமிகள் பக்கத்துக் கிருமியிடம் மரபணுவைக் கடன் வாங்கிக்கொள்ளும். இரண்டு ஏட்டின் இலைகளைக் கலந்து கட்டினால் எது எதன் படி என்று குழம்பிவிடும் அல்லவா? தொழுநோய்க் கிருமியிடம் அந்தப் பழக்கம் இல்லை. 2005-இல் பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வுக் குழு 21 நாடுகளிலிருந்து 175 மாதிரிகளை எடுத்து, ஏட்டில் மூன்றே மூன்று இடங்களை மட்டும் பார்த்தது. ஓர் இடத்தில் நான்கு எழுத்தில் எதுவும் இருக்கலாம் என்றால் மூன்று இடத்துக்கு 64 விதமான சேர்க்கை வரலாம். வந்தது எத்தனை? நான்கு. உலகம் முழுக்கத் தேடியும் நான்கே வகை! கலப்பே இல்லாத ஒற்றைப் பரம்பரை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த நான்கு வகையும் உலகப்படத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. ஆசியா, பசிபிக் தீவுகள், கிழக்கு ஆப்பிரிக்கா முதல் வகை. எத்தியோப்பியா, மலாவி, நேபாளம், வட இந்தியா பக்கம் இரண்டாம் வகை, எண்ணிக்கையில் அதுதான் குறைவு. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, அமெரிக்கா மூன்றாம் வகை. மேற்கு ஆப்பிரிக்காவும் கரீபியன் தீவுகளும் நான்காம் வகை. 2009-இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து நான்கைப் பதினாறாகப் பிரித்தார்கள்.

இந்தக் கிருமி கண்ணாடிக் குடுவையில் வளராது என்று சொன்னீர்களே, பிறகு எப்படிப் படித்தார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் இந்தக் கிருமியைக் கண்டது 1873-இல். மனிதனின் நோய்க்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று முதலில் சொல்லப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. காசநோய்க் கிருமியைக் கோக் கண்டுபிடித்ததே அதற்கு ஒன்பது வருடம் கழித்துத்தான். ஆனால் இன்று வரைக்கும் ஒருவராலும் தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்து ஊட்டத்தில் வளர்க்க முடியவில்லை. 1960-இல் எலியின் பாதத்தில் கொஞ்சம் வளரும் என்று கண்டார்கள். பாதம் ஏன் என்றால், உடம்பின் குளிர்ந்த இடம்தான் அதற்குப் பிடிக்கும். நம் உடம்பிலும் காது மடல், மூக்கு, கை கால் விரல் என்று ஓரங்களைத்தான் தேடிப் போகும். நாங்கள் பரிசோதனைக்குக் காது மடலில் கீறி எடுப்பது இதனால்தான். 1971-இல் ஆர்மடில்லோ கிடைத்தது. நம்மூர் அழுங்கு மாதிரி உடம்பெல்லாம் ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கு. அதன் உடல் சூடு நம்மைவிடக் குறைவு. கிருமி அதற்குள் கோடிக்கணக்கில் பெருகியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்ட தொழுநோய்க் கிருமியின் ஏடு எந்த ஊர் நோயாளியுடையது தெரியுமா? தமிழ்நாட்டுக்காரருடையது. இங்கே ஒருவரிடமிருந்து எடுத்த கிருமியை ஆர்மடில்லோவில் பெருக்கி, பாரீஸ் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் சேர்ந்து எழுத்து எழுத்தாகப் படித்து 2001-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 32,68,203 எழுத்து. அந்தக் கிருமிக்கு அவர்கள் வைத்த பெயர் 'டி.என்.' நம்ம வண்டி நம்பர் பிளேட்டில் 72-க்கு முன்னால் இருக்கிற அதே இரண்டெழுத்து.

இருபது ஆண்டுக்கு மேலாக உலகத்தில் எந்தத் தொழுநோய்க் கிருமியைப் படித்தாலும், டென்மார்க்கில் தோண்டிய எலும்பானாலும் சரி, பிரேசில் நோயாளியானாலும் சரி, 'டி.என்.' ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எங்கே எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அதுதான் அளவுகோல். அந்த நோயாளி யார் என்று கேட்காதீர்கள். பெயர் வெளியே சொல்லப்படாது, சொல்லவும் கூடாது. ஊரில் ஒருவேளை தண்ணீர்ச் செம்பைத் தனியாக வைத்திருப்பார்கள், உலகம் அவர் கிருமியை நடுவீட்டில் வைத்திருக்கிறது.

ஏட்டைத் திறந்ததும் இன்னொரு ஆச்சரியம். காசநோய்க் கிருமி இதன் பங்காளி. அதற்கு 44 லட்சம் எழுத்து, ஏறத்தாழ 4,000 மரபணு, எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. தொழுநோய்க் கிருமிக்கு வேலை செய்யும் மரபணு 1,600 சொச்சம்தான். இன்னும் 1,100-க்கு மேல் செத்துப்போன மரபணுக்கள் அப்படியே கிடக்கின்றன. பத்தி பத்தியாக அறை வைத்துக் கட்டிய பெரிய வீட்டில், பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் துபாய்க்கும் போன பிறகு, அடுப்படியிலும் திண்ணையிலும் மட்டும் ஆள் நடமாட்டம் இருக்குமே, அதுபோல. சோறு, தண்ணீர் எல்லாம் மனிதச் செல்லிலேயே கிடைத்துவிட்டதால் சொந்தமாகச் சமைக்கும் திறனை விட்டுவிட்டது. குடுவையில் வளர மறுக்கும் காரணமும் இதில்தான் இருக்கிறது.

அண்ணாச்சி, அலெக்சாண்டர் படைதான் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு போச்சுன்னு படிச்சிருக்கேன். அப்போ உலகத்துக்கு இதைக் கொடுத்தது நாமதானா?

ரொம்ப காலம் அப்படித்தான் பாடம் சொன்னார்கள். கி.மு. 326-இல் பஞ்சாப் வரை வந்த படை திரும்பும்போது நோயையும் கூட்டிப்போனது என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சுசுருதரின் நூலில் நோயின் வர்ணனை இருக்கிறது, அதற்குப் பிறகுதான் கிரேக்க எழுத்தில் வருகிறது, நடுவில் ஒரு படையெடுப்பு இருக்கிறது, முடிச்சுப் போட்டாயிற்று.

2005 ஆய்வு இந்த முடிச்சை அசைத்துப் பார்த்தது. நான்கு வகையையும் வரிசைப்படுத்தினால் 1-2-3-4 என்று சங்கிலி வருகிறது. ஆனால் சங்கிலியை எந்தக் கண்ணியில் பிடித்துத் தூக்குவது? ஒன்றில் பிடித்தால் தொடக்கம் ஆசியாப் பக்கம் சாய்கிறது. இரண்டில் பிடித்தால், அங்கிருந்து ஒரு கை கிழக்கே ஒன்றுக்கும் மறுகை மேற்கே மூன்றுக்கும் போகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவோ மேற்காசியாவோதான் தொடக்கமாக இருக்கும் என்று அந்தக் குழு எழுதியது. உடனே பத்திரிகைகள் 'தொழுநோய் பிறந்தது ஆப்பிரிக்காவில்' என்று தலைப்புப் போட்டன. ஆய்வாளர் 'இருக்கலாம்' என்று எழுதுவார், தலைப்பில் அந்த 'லாம்' காணாமல் போய்விடும்.

பிறகு எலும்புகள் பேச ஆரம்பித்தன. 2009-இல் ராஜஸ்தான் பாலாத்தல் என்ற இடத்தில், ஏறத்தாழ கி.மு. 2000-ஐச் சேர்ந்த எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடயங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அலெக்சாண்டருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்த எலும்பு. அது டி.என்.ஏ. சாட்சி இல்லை, எலும்பின் தேய்மானத்தைப் பார்த்துச் சொன்னது. ஆனாலும் நோய் இங்கே பழையது என்பதற்கு நல்ல சான்று.

2013-இல் டென்மார்க், ஸ்வீடன், இங்கிலாந்து தொழுநோயாளிக் கல்லறைகளிலிருந்து இடைக்காலக் கிருமியின் ஏட்டையே எடுத்துவிட்டார்கள். 2018-இல் இன்னும் பத்து. அதில் ஒன்று இங்கிலாந்தின் கிரேட் செஸ்டர்ஃபோர்டில் கி.பி. 415 முதல் 545-க்குள் புதைக்கப்பட்டவர். அப்போதுதான் எல்லாரும் திகைத்தார்கள். மூன்றாம் வகை மட்டும்தான் ஐரோப்பாவுக்கு என்று நினைத்திருந்தார்கள் அல்லவா? இடைக்கால ஐரோப்பாவில் கிருமியின் கிளைகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் புழங்கியிருக்கின்றன. டென்மார்க்கில் ஓடன்ஸே என்ற ஊரின் ஒரே கல்லறைத் தோட்டத்தில்கூடப் பல கிளைகள். அப்படியானால் தொடக்கம் ஐரோப்பாவும் மேற்காசியாவும் சேர்ந்த பக்கமாகக்கூட இருக்கலாம் என்று பேச்சு மாறியது.

இன்னொரு கணக்கும் உண்டு. இப்போது கிடைக்கும் ஏடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூல ஏடு எப்போது இருந்தது என்று பின்னோக்கி எண்ணினால் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஆண்டு வருகிறது. மனிதன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டது அதற்குப் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். ஆக முதல் மனிதர்களோடு கூடவே நடந்து வந்த பழைய பயணத்தை இந்த ஏடுகள் சொல்லவில்லை. வண்டியும் ஊரும் சந்தையும் வந்த பிறகு நடந்ததைத்தான் சொல்கின்றன. அதற்கு முன்பு நோயே இல்லை என்றும் அர்த்தம் இல்லை. பழைய படிகள் செல்லரித்துப்போய், பிழைத்த படிகளின் பாட்டன் மட்டும் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனவே உங்கள் கேள்விக்கு: நாம்தான் கொடுத்தோம் என்பதற்குச் சாட்சி இல்லை. அலெக்சாண்டர் கதையை நான் மேடையில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

இதில் குழப்பம் குறைவு. ஐரோப்பியக் குடியேறிகளோடு மூன்றாம் வகையும், அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோன மேற்கு ஆப்பிரிக்கர்களோடு நான்காம் வகையும் போயிருக்கின்றன. கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்கக் கிருமி அப்படியே இருக்கிறது. யார் யாரை எங்கே இழுத்துப்போனார்கள் என்று கப்பல் கம்பெனிக் கணக்கு மறைத்தாலும் கிருமி மறைக்கவில்லை.

ஒரு திருப்பம் மட்டும் சொல்லிவிடுகிறேன். தொழுநோயை உண்டாக்கும் இரண்டாவது கிருமி ஒன்று 2008-இல் மெக்சிகோவைச் சேர்ந்த நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. லெப்ரோமட்டோசிஸ் என்று பெயர். 2025-இல் வந்த ஆய்வில், ஐரோப்பியர் காலடி வைப்பதற்கு முன்பே இறந்துபோன அமெரிக்கப் பழங்குடியினர் எலும்பில், கனடாவிலும் அர்ஜென்டினாவிலும், இந்தக் கிருமியின் ஏடு கிடைத்தது. அமெரிக்காவில் தொழுநோய் கொலம்பஸுக்குப் பிறகுதான் என்று இனிமேல் சொல்ல முடியாது. கப்பலில் போனது ஒரு கிருமி, மற்றது முன்பே அங்கே இருந்தது.

நம்ம சனம் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்களே. அங்கெல்லாம் கொண்டுபோனது நாம்தான் என்று மரபணுவில் தெரியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தாத்தா நுவரெலியா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. குரலில் கொஞ்சம் பயம் தெரிந்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள். இந்தக் கிருமியின் ஏட்டில் ஓர் எழுத்து மாற ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகிறது. 32 லட்சம் எழுத்தில், நாற்பது வருடத்துக்கு ஒன்று! தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்கள், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு நின்று தலைமன்னார் போனவர்கள் எல்லாம் கடந்த நூறு, நூற்றைம்பது வருடத்துக் கதை. அதற்குள் மூன்று நான்கு எழுத்து மாறியிருக்கும். அதை வைத்து நெல்லைக் கிருமி எது, மதுரைக் கிருமி எது, கண்டிக் கிருமி எது என்று பிரிப்பது, மணிக்கூண்டுக் கடிகாரத்தை வைத்து நூறு மீட்டர் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் குறிப்பது மாதிரி. கண்டம் தாண்டிய பயணத்துக்கு இந்தக் கடிகாரம் அருமை, பக்கத்துக் கரைக்குப் போனதற்குச் சரிப்படாது. குடும்பத்துக்குள், தெருவுக்குள் யாரிடமிருந்து யாருக்கு என்று பார்க்க வேறு முறை வைத்திருக்கிறார்கள். ஏட்டில் சில இடங்களில் ஒரே சொல் திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை என்று எண்ணுவது. அது வேகமாக மாறும், ஆகவே அண்மை உறவு தெரியும்.

மரபணுவை விட்டுத் தள்ளுங்கள், செங்கல்லே பதில் சொல்கிறது. கொழும்புப் பக்கம் ஹெந்தளையில் டச்சுக்காரர்கள் கட்டிய தொழுநோய் மருத்துவமனை 1708-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நம்ம ஆட்கள் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போக ஆரம்பித்தது அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. மருத்துவமனை முதலில், கூலி பிறகு. நான் இதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு.

யார் மேலாவது பழி போடும் பழக்கம் நம்மோடு நிற்கவில்லை. ஹவாய்த் தீவில் இதற்குச் 'சீன நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே கரும்பு வெட்டப் போனவர்கள் சீனர்கள். கூலியாகப் போகிறவன் தலையில்தான் மூட்டையும் ஏறும், பழியும் ஏறும்.

கடல் தாண்டியது கிருமியில் தெரிகிற இடமும் இருக்கிறது. மடகாஸ்கரில் இருக்கும் கிருமி பெரும்பாலும் முதல் வகை, அதாவது ஆசியாக் குடும்பம், அங்கேயே வளர்ந்த தனிக் கிளையாக. மடகாஸ்கர் மக்கள் பேசும் மொழி இந்தோனேசியத் தீவுகளின் மொழிக் குடும்பம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியப் பெருங்கடல் ஒரு காலத்தில் எவ்வளவு நடமாட்டமுள்ள தெருவாக இருந்தது என்று புரியும். கொற்கையும் அந்தத் தெருவில் ஒரு வீடுதான்.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் தேடினால் என்ன?

ஆசை எனக்கும் உண்டு. பொருநைக் கரையில் ஜெர்மனிக்காரர் ஜாகோர் 1876-இல் தோண்டினார், பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ. ஐரோப்பாவில் இந்த ஆய்வு வெற்றி பெற்றதற்குப் பாதிக் காரணம் குளிர். நம் வெயிலிலும் ஈரத்திலும் டி.என்.ஏ. நொறுங்கிப்போகும். ஆனால் தொழுநோய்க் கிருமிக்கு மெழுகு மாதிரி தடித்த சுவர் இருப்பதால் அதன் டி.என்.ஏ. கூடுதல் நாள் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். 2013-இல் டென்மார்க் எலும்பு ஒன்றில் கிருமியின் எழுத்துகள், மனிதனின் எழுத்துகளைவிட நல்ல நிலையில் கிடைத்தன. ஒப்பிடுவதற்கு எந்த ஏடும் தேவைப்படாமல் தனியாகவே கோத்துவிட்டார்கள்.

எலும்பில் முதலில் கண்ணால் பார்ப்பது மூக்கடி எலும்பு கரைந்திருக்கிறதா, விரல் எலும்பின் நுனி சீவின பென்சில் மாதிரி கூம்பியிருக்கிறதா என்று. அப்புறம்தான் பல்லையும் எலும்பையும் துளைப்பது. தாழியில் வைத்த எலும்புகள் பெரும்பாலும் உடைந்தும் கலைந்தும் கிடப்பதால் அந்த முதல் படியே கஷ்டம்.

அணில்கிட்டே தொழுநோய் இருக்குன்னு போட்டிருந்தானே? எங்க வீட்டு முருங்கை மரத்துல நாலு அணில் இருக்கு.

இருக்கட்டும், விரட்ட வேண்டாம். 2016-இல் கண்டது பிரிட்டனில் உள்ள செந்நிற அணிலில். அந்த இனம் நம் நாட்டிலேயே கிடையாது. முதுகில் மூன்று கோடு போட்ட நம்ம அணில் வேறு. அந்தச் செய்தியில் சுவாரசியம் வேறு இடத்தில். பிரௌன்சீ என்ற தீவில் அணிலிடம் கிடைத்த கிருமி, பக்கத்து வின்செஸ்டர் ஊரில் இடைக்காலத்தில் இறந்த தொழுநோயாளியின் கிருமிக்கு நெருங்கிய உறவு. மனிதர்களிடம் நோய் ஒழிந்து பல நூறு ஆண்டாகியும் அணிலிடம் தங்கிவிட்டது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஆர்மடில்லோவிலிருந்து மனிதனுக்குத் திரும்பி வருவது 2011-இல் மரபணு மூலமே உறுதியானது. அந்த ஆர்மடில்லோவுக்குக் கொடுத்ததும் மனிதன்தான், ஐரோப்பியக் குடியேறிகள். இந்தியாவில் பெரும்பாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்குத்தான்.

பரம்பரை நோய் என்கிறார்களே?

ஹான்சனின் மாமனாரே அப்படித்தான் நம்பினார், அவர் அந்தக் காலத்தில் நார்வேயில் பெரிய தொழுநோய் நிபுணர். மருமகன் கிருமியைக் காட்டி மறுத்தார். நோய் ரத்தத்தில் வருவதில்லை. நூறு பேரில் சுமார் 95 பேருக்கு இயற்கையாகவே எதிர்ப்பு இருக்கிறது. அந்த எதிர்ப்பின் கூடுதல் குறைச்சலில் மனித மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் ஒரே வீட்டில் படுத்தெழுந்தவர்களில் ஒருவருக்கு வந்து மற்றவர்களுக்கு வராமல் போகிறது. சாபமும் இல்லை, முன்வினையும் இல்லை.

இதெல்லாம் படித்து நோயாளிக்கு என்ன லாபம்?

இரண்டு மூன்று லாபம் இருக்கிறது. ஐரோப்பாவில் இந்த நோய் பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் மளமளவென்று குறைந்தது. கிருமி வீரியம் இழந்ததோ என்று சந்தேகம் இருந்தது. பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமே இல்லை. கிருமி அப்படியே இருக்கிறது, மாறியது மனிதனும் அவன் வாழ்க்கையும்தான்.

அடுத்து மருந்து எதிர்ப்பு. ரிஃபாம்பிசினுக்கும் டாப்சோனுக்கும் கிருமி மசியவில்லையா என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் எலியின் பாதத்தில் வளர்த்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது குறிப்பிட்ட சில மரபணுவில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். குணமான ஒருவருக்குப் பத்து வருடம் கழித்துத் திரும்ப வந்தால், பழைய கிருமி தலைதூக்கியதா, புதிதாகத் தொற்றியதா என்பதையும் ஏட்டை ஒப்பிட்டுச் சொல்லலாம். உலகில் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் புது நோயாளிகளில் பாதிக்கு மேல், ஒரு லட்சத்தைத் தாண்டி, இந்தியாவில்தான் இருக்கிறார்கள். 2005 கடைசியில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று அறிவித்ததும் பலர் நோயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த அறிவிப்பால் எங்கள் வேலை சுலபமாகவில்லை, கேட்பார் இல்லாமல் போனது.

எங்க மாமியாரோட அக்காவுக்கு இருந்துச்சு. தொழுவத்துக்குப் பக்கத்துல ஓலைச் சாய்ப்பு இறக்கி அதுலயே வச்சிருந்தாக. அவுகளுக்கு இருந்ததும் நீங்க சொல்ற கிருமிதானா?

மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு ஆச்சி, கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்டது. தனித் தட்டு, தனிப் பாய், கல்யாணம் காட்சிக்கு வெளியே தலைகாட்டக் கூடாது. அவர் சொன்ன வயதை வைத்துப் பார்த்தால் நோய் வந்தது 1930-களில்.

ஆமாம் ஆச்சி, அதே கிருமிதான். தமிழ்நாட்டுக் கிருமியையும் பிரேசில் கிருமியையும் ஒப்பிட்டால் 99.995 சதவீதம் ஒன்று. உங்கள் வீட்டுக் கிருமிக்கும் இன்றைய கிருமிக்கும் இரண்டெழுத்து வித்தியாசம் இருந்தால் அதிகம். அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான், அதுவும் ஊசியாகப் போட்டால் உயிர் போகும் வலி. செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் டாப்சோன் கொடுக்க ஆரம்பித்தது 1940-களில். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து 1980-களில். இவை எதற்கும் அவர் காத்திருக்க முடியவில்லை.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் 28 நாளுக்கு ஓர் அட்டை தருகிறார்கள், காசு இல்லை. நோய் குறைவாக இருந்தால் ஆறு அட்டை, அதிகமாக இருந்தால் பன்னிரண்டு. முதல் வேளை மாத்திரையை அங்கேயே, செவிலியர் முன்னாலேயே விழுங்கச் சொல்வார்கள். அதை விழுங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ஆச்சி அட்டையின் விலையை மறுபடியும் கேட்டார். இலவசம் என்று மறுபடியும் சொன்னேன்.